வீட்டோடு காட்டுக்குப் போனோம்

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் நிற்கமாட்டேன், அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். நடுவழியில் பஸ் என்னைக் கடந்து போய்விடும். அதற்கும் பஸ்காரனைத்தான் திட்டுவேன். இப்படிப்பட்ட என்னை எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில், கனடாவின் ஒரு காட்டுக்குள், ஆற்றங்கரையில், சக்கரம் பூட்டிய ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் இருத்தினார்கள். அதுவும் என் தம்பி எங்கே நிற்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாத நாட்களில்.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதுப் பெடியன் யுத்தம் நடக்கிற எங்கள் ஊரில் வீட்டுக்குள் இருந்தாலும் பயம், வீதிக்கு இறங்கினாலும் பயம். அவனை எப்படியாவது வெளியில் எடுத்துவிடு என்று அம்மா மன்றாடிக்கொண்டிருந்தார். ஏஜென்சிக்காரனைத் தேடிப் பிடித்து அவனைப் புறப்பட வைத்தவள் நான். பெர்லின் வரைக்கும் விமானத்தில் வந்தான். அங்கிருந்து இன்னொரு ஜெர்மன் ஊருக்கு வந்து, நான் இருந்த பாரிசில், லா சப்பலில் இருந்த தமிழ்க் கடைக்குத் தொலைபேசி எடுத்தான்.

"நாளைக்கோ நாளையிண்டைக்கோ வெளிக்கிடுவமாம் அக்கா. போடரை நடந்துதான் கடக்கவேணுமாம். யோசியாதேங்கோ."

யோசியாதேங்கோ என்று சொன்னவனிடமிருந்து மூன்று வாரமாகச் சத்தமே இல்லை.

கடைக்கு ஏன் எடுத்தான் என்றால், எங்கள் அறையில் தொலைபேசி கிடையாது. கடைக்குக் கிட்ட, மார்க்ஸ் டோர்மோயில் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த அறை அது. கட்டில்கள் போட்ட பிறகு மிச்ச இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப்பேர் ஊருக்குக் கொடுத்திருந்தது அந்தக் கடை இலக்கத்தைத்தான். கடைக்கார அண்ணை ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெண்டிக்காய் நிறுப்பார். நிறுத்தபடியே வாசலில் போகிற யாரையாவது கூப்பிட்டு, "கொழும்பிலையிருந்து கோல் வந்திருக்கு, ஓடிப்போய்ச் சொல்லு" என்று அனுப்புவார். யார் வீட்டில் சாவு, யாருக்குப் பிள்ளை, யார் எந்த எல்லையில் பிடிபட்டான் என்பதெல்லாம் அந்தக் கடையின் அரிசி மூட்டைகளுக்கு மேலாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன. தம்பியின் சத்தம் நின்ற பிறகு, வேலைக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம், கறிவேப்பிலை வாங்குகிற சாட்டில் இன்னொருதரம் என்று நான் அங்கே போய் நின்றேன். நாலு பெண்களும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு அறையில் கறிவேப்பிலை காய்ந்தது.

அப்படியிருக்க நான் கனடாவுக்குப் போனதற்குக் காரணம் ஓகஸ்ட் மாதம். ஓகஸ்டில் கோடை விடுமுறைக்குப் பாரிஸே பூட்டிவிடும். நான் வேலை செய்த தையல் பட்டறையும் பூட்டியது. மொன்றியலில் இருந்த அக்காவைப் பார்த்து நாலு வருடம். என் அகதிப் பயணப் பத்திரத்தில் கனடா விசா குத்துவிக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்த விசாவும் அந்த மாதத்தோடு முடிகிறது. அப்படியும் போகமாட்டேன் என்று கடைக்குள் நின்று அடம்பிடித்தேன்.

"இஞ்சை நிண்டு என்ன செய்யப்போறியள்? என்ரை வாசல்படியைத் தேய்க்கிறதைத் தவிர," என்றார் அண்ணை. "போட்டு வாங்கோ தங்கச்சி. பெடியன் வந்தால் நான் பாத்துக்கொள்ளுறன். உங்கடை அக்கா வீட்டு நம்பரைத் தந்திட்டுப் போங்கோ. வந்த உடனை அடிக்கிறன்."

அந்தச் சொல்லை நம்பித்தான் விமானம் ஏறினேன். ஏறி இருந்த உடனேயே இறங்கவேண்டும் போலிருந்தது.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், நல்ல மனிதர். ஆனால் எதற்கும் அவசரப்படமாட்டார். அவசரப்படாத மனிதர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் போய் இறங்கிய கிழமையே, அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன்னுடைய வீட்டு வண்டியை அவருக்கு இரவல் கொடுத்துவிட்டார். பஸ் அளவு நீளம். உள்ளே அடுப்பு, குளிர்ப்பெட்டி, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருந்தன. சாப்பாட்டு மேசையைக் கழற்றிப் பலகையைப் பதித்தால் அதுவும் ஒரு கட்டில். அத்தான் அந்த மேசையைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக ஒரு பின்னேரத்தையே போக்கினார்.

"காடு, ஆறு, பழைய காலத்துக் கோட்டை ஒண்டும் இருக்காம்," என்றார் என்னிடம். "வெள்ளைக்காரர் எல்லாம் கோடையிலை உதுதான் செய்யிறவை. போய் இருந்திட்டு வந்தால் மனம் லேசாகும், மச்சாள்."

"அங்கை ரெலிபோன் இருக்கோ?"

"ரெலிபோன் இல்லாமல் இருக்கத்தானே காட்டுக்குப் போறது."

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணையிடம் கொடுத்திருந்தது அக்கா வீட்டு இலக்கம். எல்லோரும் காட்டுக்குப் போய்விட்டால் இங்கே மணி அடித்து யார் எடுப்பது? ஆனால் அக்காவின் கண் கலங்கிவிட்டது. நாலு வருடத்துக்குப் பிறகு வந்தவள் தன்னோடு ஒரு பயணம் வரமாட்டாளாமா என்று மூக்கைச் சிந்தினாள். அக்கா அழுதால் என் வாய் அடைத்துவிடும். வண்டிச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, புட்டுக்குழல் முதல் மிளகாய்த்தூள் வரை ஏற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். பூட்டிய வீட்டுக்குள் மணி அடிக்கிற மாதிரி வீதி முனை வரைக்கும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பகல் முழுக்க ஓடினோம். இரண்டு பக்கமும் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்காவின் மகள், ஏழு வயதுக்காரி, எனக்கு ஒவ்வொரு மரத்தின் பெயரையும் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. பின்னேரம் போல ஒரு வளைவு திரும்பியதும் வீதிக்குக் குறுக்கே ஒரு தடி தெரிந்தது. பக்கத்தில் மரத்தால் ஒரு குடில். குடில் வாசலில் காக்கிச் சட்டை, தொப்பி, இடுப்புப் பட்டி, பட்டியில் ஒரு வயர்லெஸ்.

அத்தான் தடிக்கு வெகுதூரத்திலேயே வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். நல்ல வெயிலில் உள் விளக்கைப் போட்டார். அக்கா மகளின் கையைப் பிடித்து இறக்கினாள். நான் கைப்பையிலிருந்து பயணப் பத்திரத்தை எடுத்து, தெரியும்படி பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசியாக அத்தான் இறங்கினார். வீதி ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, ஓடவும் இல்லாமல் ஆறுதலாகவும் இல்லாமல் அந்தத் தடியை நோக்கி நடந்தோம்.

ஊரில் ஆமிச் சென்றியில் அப்படித்தான். வாகனத்தைத் தள்ளி நிறுத்தி உள்ளே விளக்குப் போடவேண்டும். ஆட்கள் இறங்கி நடக்கவேண்டும். கைகள் வெளியில் தெரியவேண்டும். நாங்கள் ஊரைவிட்டு வந்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமலே எல்லோரும் செய்தோம்.

காக்கிச் சட்டைக்குள் இருந்தது பின்னல் போட்ட ஒரு இளம்பெண். பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது அவளுடைய வேலை. கதவு திறந்தபடி தூரத்தில் நின்ற வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டி பழுதாகிவிட்டதா என்று கேட்டாள். அத்தான் பதில் சொல்லாமல் எல்லோருடைய பத்திரங்களையும், வண்டியின் பத்திரத்தையும், தொழிற்சாலை அடையாள அட்டையையும் சேர்த்து அவளிடம் நீட்டினார். அவள் அவற்றைத் தொடவே இல்லை. ஆற்றுப் பக்கம் இடம் வேண்டுமா, மரப் பக்கம் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"நாங்கள் ஏன் இறங்கினோம்?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். அத்தான் வண்டியை எடுக்க ஓட்டமாய் ஓடினார். அவர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பழக்க தோசம்," என்றார் திரும்பி வந்து, அசட்டுச் சிரிப்போடு.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு சும்மாவே சொன்னவை," என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஒரு சின்னப் பெண்ணைக் கண்டே எங்களுக்கு இந்தப் பாடு. தம்பி உண்மையான எல்லையில், உண்மையான துவக்குக்காரனுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருப்பான்? நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, இங்கே தொலைபேசி உண்டா என்று கேட்டேன். என்னுடைய பாரிஸ் பிரெஞ்சும் அவளுடைய பிரெஞ்சும் ஒன்றையொன்று அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒன்று இருக்கிறது, கோட்டைக்குப் பக்கத்தில், ஆற்றுத் துறையில் என்றாள். அத்தானை ஒரு பார்வை பார்த்தேன்.

எங்களுக்கு ஆற்றுப் பக்கம் இடம் கிடைத்தது. தண்ணீர்க் குழாயையும் மின்சார வயரையும் வண்டியில் பூட்டிவிட்டால் வீடு தயார். வண்டிக்குள் அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான் இருந்தது. அக்கா அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். "சமைக்கிற இடத்திலை உதென்ன அரியண்டம்," என்றாள். எல்லோரும் பூங்காவின் பொதுக் கழிப்பறைக்கு நடக்கவேண்டும் என்று உத்தரவு. எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று. அந்த வழியில்தான் தொலைபேசிப் பெட்டி.

பாரிசுக்கும் எங்களுக்கும் ஆறு மணித்தியால வித்தியாசம். அண்ணை கடையைப் பூட்டுகிற நேரம் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆகவே காலையில் எழும்பினால் மத்தியானம் வரைக்கும்தான் என் ஆட்டம். முதல் காலை எத்தனை தரம் போனேன் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் ஒப்பரேட்டர் பெண் லைன் கிடைக்கவில்லை என்றாள். லா சப்பலில் அந்தக் கடைத் தொலைபேசி சும்மா இருந்தால்தான் அதிசயம். பெட்டிக்குள் நுளம்பு வேறு. கழுத்தைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவேன், அரைக் கோப்பை தேத்தண்ணி குடிப்பேன், மறுபடி நடப்பேன்.

"நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை," என்றாள் அக்கா.

பக்கத்து வண்டியில் ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி. இரண்டு மடக்குக் கதிரைகளை ஆற்றைப் பார்க்கப் போட்டு, காலையில் இருந்தவர்கள் மத்தியானமும் அப்படியே இருந்தார்கள். ஆறு ஓடுகிறது, சரி, பார்த்தாயிற்று. பிறகும் என்ன பார்வை? போகும்போதும் வரும்போதும் அவர்கள் எனக்குக் கையசைத்தார்கள். நான் போவதையும் வருவதையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ. அவர்களைக் காண எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றைக்கு அப்படிச் சொல்கிறேன். அன்றைக்கு அதற்குக் கோபம் என்றுதான் பெயர்.

பின்னேரம் கோட்டையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கோட்டை என்றதும் நான் யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனேன். இங்கே மரக் குற்றிகளை நட்டு நெருக்கமாக வேலி அடைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கதியால் வேலியைவிடக் கொஞ்சம் உயரம். உள்ளே பழைய காலத்து உடுப்புப் போட்ட ஒருவர், ஒருகாலம் அங்கே இருந்த தோல் வியாபாரிகளின் கதையைச் சொன்னார். பனி விழுந்து ஆறு உறைந்தால் அவர்களுக்கு மாதக்கணக்கில் ஒரு செய்தியும் வராதாம். பனி உருகி முதல் தோணி வந்தால்தான், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியுமாம். எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். இந்தக் காத்திருப்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வண்டி பிடித்து வந்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதை முடியமுதலே வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் லைன் கிடைத்தது. அழைப்பை எடுக்கிறவர் செலவில் ஏற்க முடியுமா என்று ஒப்பரேட்டர் கேட்க, அண்ணை "உய்" என்று பிரெஞ்சில் ஓம் போட்டார்.

"இல்லைத் தங்கச்சி. ஒரு சிலமனும் இல்லை. வந்தால் சொல்லுவன்தானே. நீங்கள் சந்தோசமாய் நிண்டிட்டு வாங்கோ."

சந்தோசமாய்! ரிசீவரை வைத்துவிட்டு ஆற்றங்கரையோடு நடந்தேன். பாதை முடிகிற இடம்வரை போய், திரும்பி, மறுபடி போனேன். அவன் உயிரோடு இல்லை என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முதலில் முழு வசனமாக எனக்குள் வந்தது. அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? போ என்றவள் நான். போகாமல் இருந்திருந்தால் ஊரில் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வழியில்லாமல் நின்றேன். கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அத்தான் இரவல் தூண்டிலோடு கரையில் இருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் தண்ணீர் மட்டும்.

"அத்தான், வெளிக்கிடுங்கோ. வீட்டை போவம்," என்றேன்.

"நாளைக்குத்தானே போறம்."

"இண்டைக்குப் போவம். அங்கை கோல் வந்தால் எடுக்க ஆளில்லை."

அவர் தூண்டிலைப் பார்த்தபடியே சொன்னார்: "நீர் இஞ்சை நடந்தால் அவன் அங்கை கெதியாய் வருவானோ? கொஞ்சம் இரும். மீனும் பயந்து ஓடுது."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாளியை உதைத்துவிட்டேன். அது உருண்டு ஆற்றில் விழுந்து போயே போய்விட்டது. "உங்கடை தம்பியெண்டால் உப்பிடி மீன் பிடிப்பியளோ?" என்று கத்தினேன். பக்கத்துச் சோடி முதல் தடவையாக ஆற்றிலிருந்து முகத்தைத் திருப்பியது. அக்கா வண்டிக்குள்ளிருந்து ஓடிவந்து என்னைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போய் அவளும் அழுதாள். அவளுக்கும் அவன் தம்பிதான். நான்கு நாளாக அவளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். மேசையைக் கழற்றிக் கட்டிலாக்கி, என்னைப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அத்தான் எதிர்பார்க்கவும் இல்லை. "போய் அடிச்சுப் பாரும். வந்த பிறகு தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்," என்றார். நடந்தேன். பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இலக்கத்தைச் சொன்னேன். ஒப்பரேட்டர் கேள்வியை முடிக்கவில்லை, அதற்குள் அந்தப் பக்கம் அண்ணை "உய், உய், உய்" என்று கத்தினார்.

"எங்கையம்மா போனனீங்கள்? அக்கா வீட்டுக்கு அடிச்சு அடிச்சு என்ரை விரல் தேய்ஞ்சு போச்சு. பெடியன் வந்திட்டான்!"

நான் பெட்டியின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நேற்றுக் கடை பூட்டப்போக வந்து நிண்டான். கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. வேறை ஒரு குறையும் இல்லை. சோறு போட்டனான், நல்லாய்ச் சாப்பிட்டவன். இந்தா, கதையுங்கோ."

"அக்கா," என்றான் தம்பி.

நான் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஏசினேன். எனக்கு அன்பு அந்த வழியால்தான் வரும். "எங்கையடா இவ்வளவு நாளும் கிடந்தனி? ஒரு கோல் எடுக்க ஏலாதே உனக்கு?"

"காட்டுக்குள்ளை ஏது அக்கா ரெலிபோன்? ரெண்டு தரம் பிடிச்சுத் திருப்பி விட்டவங்கள். பிறகு வேறை பக்கத்தாலை வந்தனாங்கள். பகலிலை பத்தைக்குள்ளை படுக்கிறது, இருட்டினால் நடக்கிறது. அதை விடுங்கோ. பெரியக்கா வீட்டுக்கு எத்தினை தரம் அடிச்சம். ஒருத்தரும் எடுக்கேல்லை. நீங்கள் எல்லாரும் எங்கை நிக்கிறியள்?"

"நாங்களும் காட்டுக்குள்ளைதானடா," என்றேன்.

அந்தப் பக்கம் கடைக்குள் யாரோ மைசூர்ப் பருப்புக் கேட்பது கேட்டது.

"எல்லாருமோ?"

"ஓம்."

"சின்னப்பிள்ளையுமோ?"

"ஓம், அவளும்தான்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கனடாவிலையும் பிடிக்கிறாங்களோ, அக்கா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். இல்லையடா, இங்கே ஆட்கள் ஆசைப்பட்டுக் காட்டுக்கு வருகிறார்கள், வீட்டோடு வருகிறார்கள், கதிரை போட்டு ஆற்றைப் பார்க்கிறார்கள் என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தை அவனுக்கு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவன் அவசரமாகச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

"பயப்பிடாதேங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, கழட்டினால் பிறகு போடேலாது. பிள்ளையை நடுவிலை விட்டு நடவுங்கோ. அழுதால் வாயைப் பொத்துங்கோ. எவ்வளவு குளிர்ந்தாலும் நெருப்பு மட்டும் மூட்டிப்போடாதேங்கோ. புகை கன தூரத்துக்குத் தெரியும்."

கண்ணாடிக்கு வெளியே ஆற்றின் வளைவு முழுக்க, ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலிருந்தும் காலைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டிக்கு முன்னால் அத்தான் குந்தியிருந்து விறகை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்காவின் மகள் கெட்டிலோடு நின்றாள்.

"கேக்குதோ, அக்கா?"

"கேக்குது," என்றேன். "மூட்டமாட்டம்."